பலர் சுமக்கும் பளு: அவரவர் பங்கு எவ்வளவு?

செகந்திராபாத் நகரில் உஜ்ஜயினி மகாகாளி கோயிலை அறியாதார் இலர். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் நடைபெறும் லஷ்கர் போனாலு விழாவின்போது அக்கோயிலில் பல்லாயிரம் மக்கள் கூடுவர். அக்கோயிலைத் தோற்றுவித்தவர் ஓர் அரசரும் அல்லர், செல்வரும் அல்லர். சுரிட்டி அப்பய்யா என்னும் அவர் படையில் டோலி சுமப்பவராகப் பணிபுரிந்தவர். 1813ஆம் ஆண்டில் அவருடைய படைப்பிரிவு உஜ்ஜயினிக்கு அனுப்பப்பட்டது. அங்கே காலரா நோய் பரவியபோது அவர் நேர்ந்துகொண்ட வேண்டுதலின்படி, 1815ஆம் ஆண்டில் திரும்பி வந்து இங்கே அம்மனை நிறுவினார் என்பது கோயில் வரலாறு. இருப்புப்பாதை நிலையத்தை அடுத்துள்ள போயிகுடாப் பகுதியோ, பல்லக்குத் தூக்கும் தொழிலினரான போயிகளின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. தோளால் சுமந்தோரின் நினைவை இவ்வாறு தன் பெயர்களிலும் வரலாற்றிலும் காத்துவரும் நகரங்கள் சிலவே.

டோலியும் பல்லக்கும் மறைந்தன. ஆயினும் பலர் கூடிப் பளு சுமக்கும் வேலை மறைந்துவிடவில்லை. மரக்கடையில் உத்திரக் கட்டைகளையும், கட்டட வேலையில் கற்பலகைகளையும், பொறிகள் செல்லவியலாத இடங்களில் தண்டவாளங்களையும் மனிதர்கள் இன்றும் தோளிலேற்றிச் செல்வதைக் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரின் மரக்கடை ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆறு பேர் ஒரு தேக்கு அடிமரத்தைச் சுமந்து சென்றனர். நான்காவதாக நின்றவர் மற்றவர்களிலும் சற்றே குள்ளமானவர். மரத்திற்கும் அவர் தோளுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. இதனைக் கண்ட மேஸ்திரி, அவர் சுமப்பதுபோல் நடித்து ஏய்க்கிறார் என்று கடிந்து, அன்றைய கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டார். மூன்றாவதாக நின்ற உயரமான மனிதரோ மாலையில் தோள் வீங்கி அமர்ந்திருந்தார். அவருடைய வருத்தத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மரத்தின் எடையை ஆறால் வகுத்தால் ஒருவர் பங்கு கிடைத்துவிடும் என்பதே அங்கிருந்த அனைவரின் எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வோம்.

இருவர் சுமக்கும்போது

முதலில் எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மரத்தை இருவர் சுமக்கின்றனர். மரத்தின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாகக் கருதலாம். அப்புள்ளியே ஈர்ப்பு மையம் எனப்படும். ஓர் உருண்டைக் கோலின்மீது மரத்தைக் குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் அது எப்பக்கமும் சாயாமல் நிற்கும். அவ்விடத்தின் நேர்மேலே ஈர்ப்பு மையம் உள்ளது.

இரு தோள்களும் சேர்ந்து முழு எடையையும் தாங்குகின்றன என்பது முதல் விதி. ஈர்ப்பு மையத்திலிருந்து ஒவ்வொருவரும் நிற்கும் தூரத்தை அவர் தாங்கும் எடையால் பெருக்கினால் இரு பெருக்கங்களும் சமமாக இருக்கும் என்பது இரண்டாம் விதி. இப்பெருக்கத்திற்குத் திருப்புத்திறன் என்று பெயர். அது சமமாக இல்லாவிடில் மரம் ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே மையத்திற்கு அருகில் நிற்பவருக்கு மிகுந்த எடையும், தொலைவில் நிற்பவருக்குக் குறைந்த எடையும் விழுகின்றன.

5 மீட்டர் நீளமும் 120 கிலோகிராம் எடையும் உள்ள ஓர் அடிமரத்தை நினைத்துக்கொள்க. அடிப்பக்கம் பருத்தும் நுனிப்பக்கம் சிறுத்தும் இருப்பதால், அதன் ஈர்ப்பு மையம் அடிமுனையிலிருந்து 2 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் இரு கோடிகளில் நின்றால், அடிப்பக்கத்தார் 72 கிலோகிராமும் நுனிப்பக்கத்தார் 48 கிலோகிராமும் சுமப்பர். இவ்வேற்றுமையைப் போக்க என்ன செய்வது?

பெரும்பாலோர், "பளு மிகுந்த பக்கத்தில் நிற்பவர் சற்று உள்ளே தள்ளி நிற்கட்டும்" என்பர். அவர் 1 மீட்டர் உள்ளே வந்தால் மையத்திலிருந்து அவருடைய தூரம் 1 மீட்டர் ஆகிவிடும். மற்றவருடைய தூரமோ 3 மீட்டராகவே இருக்கும். அப்போது அவர் சுமப்பது 90 கிலோகிராம். மற்றவர் சுமப்பது 30 மட்டுமே. தம் துன்பத்தைக் குறைக்க முயன்றவர் அதனைப் பெருக்கிக்கொள்கிறார்! உள்ளே வரவேண்டியவர் நுனிப்பக்கத்தார். அவர் 1 மீட்டர் உள்ளே வந்தால் இருவர் தூரமும் 2 மீட்டராகிறது. ஆளுக்கு 60 கிலோகிராம் என்று பங்கு சரியாகிவிடுகிறது.

நம் உழவர்கள் இவ்விதியை ஏட்டில் படிக்காமலே கையாள்கின்றனர். இணை மாடுகளில் ஒன்று வலிமை மிக்கதாகவும் மற்றது இளையதாகவும் இருந்தால், ஏர்க்காலை நுகத்தடியின் நடுவில் பூட்டாமல் வலிய மாட்டின் பக்கமாகச் சிறிது தள்ளிப் பூட்டுவர். இழுப்பின் பெரும்பங்கு வலிய மாட்டிற்குச் சென்றுவிடும்.

நோயாளியைச் சுமக்கும்போதும் இதனைக் கருதவேண்டும். படுத்திருக்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் உடலின் நட்டநடுவில் இல்லை. உள்ளங்காலிலிருந்து உயரத்தில் நூற்றுக்கு 55 அல்லது 56 பங்கு தூரத்தில், அதாவது தலைப்பக்கம் சற்றே தள்ளி, அமைந்துள்ளது. 165 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோகிராம் எடையும் உள்ள ஒருவரை, கைப்பிடிகளுக்கிடையே 220 சென்டிமீட்டர் நீளமுள்ள தூக்குப்படுக்கையில் நடுவாகக் கிடத்தினால், தலைப்பக்கத்தார்க்கு ஏறத்தாழ 33 கிலோகிராமும் கால்பக்கத்தார்க்கு 27 கிலோகிராமும் சேரும். எனவே, வலிமை மிக்கவர் தலைப்பக்கம் நிற்பதே முறை.

சரிவிலும் படிக்கட்டிலும்

படிக்கட்டில் பளுவை ஏற்றும்போது கீழே நிற்பவருக்கே துன்பம் மிகுதி என்று பலரும் கூறுவர். இக்கூற்று எப்போதும் உண்மையன்று. தோள்கள் தாங்கும் இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டிலேயே ஈர்ப்பு மையம் அமைந்திருந்தால், சரிவினால் பங்கு மாறுவதில்லை. நீண்ட, மெல்லிய மரத்தைச் சுமக்கும்போது நிலை ஏறக்குறைய இதுவே.

ஓர் அலமாரியை அடியில் கைகொடுத்துத் தூக்கும்போது நிலை வேறு. அதன் ஈர்ப்பு மையம் கைகளை இணைக்கும் கோட்டிற்கு மேலே இருக்கிறது. சாயும்போது அம்மையம் கீழே நிற்பவர் பக்கமாக நகர்கிறது. 100 கிலோகிராம் எடையுள்ள அலமாரியில், கைகளுக்கிடையே தூரம் 150 சென்டிமீட்டர், கைகளுக்கு மேலே மையத்தின் உயரம் 45 சென்டிமீட்டர், படிக்கட்டின் சாய்வு 30 பாகை எனக் கொள்வோம். கீழே நிற்பவருக்கு 67 கிலோகிராமும் மேலே நிற்பவருக்கு 33 கிலோகிராமும் சேரும். ஒருவர் மற்றவரைப் போல் இரு மடங்கு சுமக்கிறார்.

மாறாக, பளுவானது தண்டிற்குக் கீழே அசையாதபடி இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால், மையம் மேலே நிற்பவர் பக்கமாக நகரும். அவருக்கே பளு மிகும். தண்டின் ஒரே புள்ளியில் கயிற்றால் தாராளமாகத் தொங்கவிட்டாலோ, பளு எச்சரிவிலும் அப்புள்ளிக்கு நேர்கீழே நின்றுவிடும், பங்கும் மாறாது.

மூன்றாமவர் வந்து சேர்ந்தால்

இருவர் பங்கைக் கணக்கிட இரண்டு விதிகள் போதுமானவை. மூன்றாமவர் தோள் கொடுத்தவுடன் அறியவேண்டிய எண்கள் மூன்றாகின்றன, விதிகளோ இரண்டே. ஆகவே எடையையும் தூரத்தையும் மட்டும் கொண்டு விடை காண இயலாது. மரம் எவ்வளவு வளையும், தோள்கள் எவ்வளவு அமுங்கும், நிற்போரின் உயரம் என்ன என்பனவற்றையும் கேட்கவேண்டியதாகிறது. நம் ஆராய்ச்சியின் கருவான பகுதி இதுவே.

இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பெரிய சலவைக்கல் தூண் ஒன்றினை இரு கோடிகளிலும் கட்டைகளின்மீது கிடத்தியிருந்தனர். நடுவில் ஒடிந்துவிடக்கூடாதே என்று கருதிய ஒரு வேலையாள் நடுவிலும் ஒரு கட்டையைக் கொடுத்தார். யாவரும் அதனை நல்ல யோசனை என்றே எண்ணினர். சில திங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்நடுக்கட்டைக்கு நேர்மேலே தூண் பிளந்து கிடந்தது. கோடியிலிருந்த ஒரு கட்டை நாளடைவில் உளுத்துத் தாழ்ந்துவிட்டது. நடுக்கட்டையோ உறுதியாக நின்றது. தூணின் ஒரு பாதி தாங்குவாரின்றி வெளியில் நீண்டு நின்று, தன் பளுவாலேயே ஒடிந்தது. உதவிக்கு வந்த மூன்றாம் தாங்கியே கேடாக முடிந்தது.

இதனை ஒரு தண்டவாளத்தைக் கொண்டு எண்களால் விளக்குவோம். நம் நாட்டு இருப்புப்பாதைகளில் மீட்டருக்கு 52 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளங்கள் பரவலாக இடப்பட்டுள்ளன. 13 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டின் எடை 676 கிலோகிராம். அதனை இரு கோடிகளில் மட்டும் தாங்கினால் நடுப்பகுதி 4 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தொய்யும்.

அத்தொய்வு நீங்கி நடுப்பகுதி கோடிகளின் மட்டத்திற்கு வரும்படி நடுவில் ஒரு கட்டையைக் கொடுப்போம். அக்கட்டை தாங்கும் எடை எவ்வளவு? நீளமெங்கும் பரவிய எடை உண்டாக்கும் தொய்வு 5 பங்கு என்றால், அதே எடையை நடுவில் குவித்து வைத்தால் தொய்வு 8 பங்காகும் என்பது பொறியியல் காட்டும் முடிவு. ஆகவே 5 பங்குத் தொய்வை நிமிர்த்த, மொத்த எடையில் எட்டில் ஐந்து பங்கை நடுவிலிருந்து மேல்நோக்கிக் கொடுக்கவேண்டும். மூன்று கட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, நடுக்கட்டை 422 கிலோகிராமைத் தாங்குகிறது. கோடிக்கட்டைகள் ஒவ்வொன்றும் தாங்குவது 127 கிலோகிராம் மட்டுமே. மூன்றில் ஒன்று என்னும் சமபங்கு இங்கே எங்குமில்லை.

மூன்றும் சமமாகத் தாங்கவேண்டுமானால் நடுக்கட்டை மற்றவற்றிலும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். 4 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தால் அது ஒன்றையும் தாங்காது. ஏறத்தாழ 2½ சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டாலோ தண்டவாளத்தின் முழு எடையும் அதன்மீதே நிற்கும். கோடிகள் இரண்டும் விடுபட்டுவிடும்.

தண்டவாளம் இரும்பாயினும் நீளமும் மெலிவும் உடையது. ஆதலால் இவ்வளவேனும் வளைகிறது. தேக்கு அடிமரமோ இன்னும் விறைப்பானது. 6 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள தேக்கு மரத்தின் எடை ஏறத்தாழ 275 கிலோகிராம் ஆகும். கோடிகளில் தாங்கினால் அது தொய்வது 2 மில்லிமீட்டர் அளவே. மனிதரின் தோள் உயரங்களோ மில்லிமீட்டர் கணக்கில் ஒத்திருப்பதில்லை. சில சென்டிமீட்டர்களேனும் வேறுபடுகின்றன. மரக்கடையில் நான்காவதாக நின்றவரின் குற்றம் யாது என்பது இப்போது விளங்கும். அவருடைய உயரத்திற்கு மரம் வளைந்து கொடுக்கவில்லை, அவ்வளவே.

சும்மாடு செய்யும் உதவி

அங்ஙனமாயின் பலர் சுமப்பது எவ்வாறு இயல்கிறது? மரம் வளையாவிட்டாலும் தோள் அமுங்குகிறது, முழங்கால் மடிகிறது, தோளில் இட்ட துண்டு நசுங்குகிறது. இவை யாவும் வில்சுருள்போல் தொழிற்படுகின்றன.

240 கிலோகிராம் எடையுள்ள விறைத்த மரத்தை முன்னும் நடுவும் பின்னுமாக மூவர் சுமப்பதாகவும், நடுவிலிருப்பவர் மற்ற இருவரிலும் 1 சென்டிமீட்டர் உயரமானவர் என்றும் கொள்வோம். தோள் 1 சென்டிமீட்டர் அமுங்க 50 கிலோகிராம் தேவையானால், நடுவிலிருப்பவர் 113 கிலோகிராமும் மற்றவர் ஒவ்வொருவரும் 63 கிலோகிராமும் சுமப்பர். தோளில் தடித்த, மென்மையான சும்மாடு இட்டு, 20 கிலோகிராமுக்கே 1 சென்டிமீட்டர் அமுங்குமாறு செய்தால், நடுவிலிருப்பவர் பங்கு 93 கிலோகிராமாகக் குறையும். மற்றவர் பங்கு 73 ஆகும். சும்மாடு தோலைக் காப்பதோடு நில்லாமல், உயர வேற்றுமையை விழுங்கிப் பளுவை நியாயமாகப் பங்கிடுகிறது. அது மென்மையாக இருக்குமளவு பங்கு சமமாகும்.

மற்றொரு வழி, ஆட்களை நிறுத்தும் ஒழுங்கு. மரம் கிடைமட்டமாகவே இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஒரு கோடியில் குள்ளமானவரில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, மறு கோடியில் உயரமானவர் நிற்குமாறு நிறுத்தினால், தோள்கள் யாவும் ஒரே சாய்கோட்டில் அமைந்து அனைவரும் மரத்தைத் தொடுவர். குள்ளமானவரை உயரமான இருவருக்கு நடுவில் நிறுத்துவதே தவறு.

தரையும் நேராக இருத்தல் வேண்டும். ஒரே சீரான சரிவில் ஏறும்போது தோள்களின் கோடு நேராகவே இருக்கும். மேடான இடத்தைக் கடக்கும்போதோ நடுவில் நிற்போர் உயர்ந்து பெரும்பளுவை ஏற்கின்றனர். பள்ளத்தைக் கடக்கும்போது நடுவில் நிற்போர் விடுபட, கோடிகளில் நிற்போர்மீது பளு விழுகிறது.

தண்டுகளைக் கொண்டு சமன்செய்தல்

உயரத்தையும் தரையையும் பொருட்படுத்தாமல் பளுவைச் சரியாகப் பங்கிடும் வழி ஒன்று உண்டு. மூவர் சுமப்பதை விட்டு, இருவர் இருவராகப் பிரித்துக்கொண்டே போவதுதான் அது. இருவருக்கிடையே பங்கு தூரத்தால் மட்டுமே நிர்ணயிக்கப்படுகிறது என்று கண்டோம் அல்லவா? அவ்வியல்பே இங்குப் பயன்படுகிறது.

400 கிலோகிராம் பளுவை ஒரு பெரிய தண்டின் நடுவில் தொங்கவிடுக. அத்தண்டின் ஒவ்வொரு முனையையும் ஒரு குறுக்குத்தண்டின் நடுவிலிருந்து கயிற்றால் தொங்கவிடுக. அக்குறுக்குத்தண்டின் ஒவ்வொரு முனையையும் மற்றொரு சிறு தண்டின் நடுவிலிருந்து தொங்கவிடுக. சிறு தண்டுகள் நான்கு. ஒவ்வொன்றையும் இருவர் சுமக்க, ஆட்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு கட்டத்திலும் பளு சரிபாதியாகிறது: 400, 200, 100, 50. தண்டுகளின் எடையை நீக்கிப் பார்த்தால், ஒருவர் குள்ளமாக இருந்தாலும் ஒருவர் பள்ளத்தில் நின்றாலும், தண்டு சற்றே சாயுமேயன்றி, அவரவர் பங்கு 50 கிலோகிராமிலிருந்து மாறுவதில்லை.

மூவர்க்கும் இம்முறையில் சமபங்கு தரலாம். 3 மீட்டர் தண்டின் ஒரு முனையை ஒருவர் தாங்கட்டும். மறு முனையை இருவர் சுமக்கும் சிறு தண்டின் நடுவில் தொங்கவிடுக. பளுவை இருவர் பக்கத்து முனையிலிருந்து 1 மீட்டரில் கட்டுக. இருவர் பக்கம் மூன்றில் இரு பங்கும் ஒருவர் பக்கம் மூன்றில் ஒரு பங்கும் செல்வதால், மூவர் பங்கும் ஒன்றேயாகிறது.

1830களில் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹாரிசன் என்னும் பொறியாளர் இதே கருத்தை நீராவி எஞ்சினில் புகுத்தினார். மேடுபள்ளமான பாதையில் எஞ்சினின் ஒரு சக்கரம் உயர்ந்து மிகுந்த பளுவை ஏற்க, மற்றொன்று பளுவின்றித் தொங்கும் நிலை அப்போது ஏற்பட்டுவந்தது. அடுத்தடுத்த சக்கரங்களின் வில்களை நடுவில் சுழலும் ஒரு சமன்கோலால் அவர் இணைத்தார். ஒரு சக்கரம் உயர்ந்தால் கோல் சாய்ந்து அடுத்த சக்கரத்தை அழுத்தும். இரண்டிலும் பளு சமமாகவே நிற்கும். 1874ஆம் ஆண்டில் வாடியிலிருந்து செகந்திராபாதுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. மனிதர் தோளிலிருந்து பெரும்பளுவை ஏற்றுக்கொண்ட இருப்புப்பாதை எஞ்சின்களுக்கும், தண்டு சுமந்தோர் எதிர்ப்பட்ட அதே கேள்விக்கு விடை காணவேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நடையும் பாட்டும்

இதுவரை நின்ற நிலையில் பளுவை ஆராய்ந்தோம். நடக்கும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. மேல்நோக்கி விரைவு பெறும் கணத்தில் தோள் தாங்கவேண்டியது எடையினும் மிகுதி. அம்முடுக்கம் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் அளவினதாயின், பளு அக்கணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஒருவர் ஏறும்போது அடுத்தவர் இறங்கினால் பளு ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறி மாறி மோதும். எல்லாரும் ஒரே அடியில் நடந்தால் தோள்களின் கோடு நேராகவே ஏறி இறங்கும். சுமப்போர் ஒருவர் சொல்லெடுக்க மற்றவர் பின்சொல்லி நடப்பதன் பயன் களைப்பு நீங்குதல் மட்டுமன்று; அச்சொல் கால்களுக்குத் தாளமாக நின்று பங்கைக் காக்கிறது.

வளையும் மூங்கில் தண்டும் ஓர் உதவியே. 1991ஆம் ஆண்டில் ராட்ஜர் கிராம் என்னும் அமெரிக்க உடலியலறிஞர் தம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். வளைந்து கொடுக்கும் தண்டில் சுமப்பதால் உடல் செலவிடும் ஆற்றல் குறைவதில்லையாயினும், தோளை அழுத்தும் உச்சப்பளு குறைகிறது என அவர் கண்டார். திருமால் கோயில்களில் உற்சவர் எழுந்தருளும் ஒருவகைப் பல்லக்கிற்குத் தோளுக்கினியான் என்று பெயர். சுமப்பவரின் தோளைக் கருதிப் பெயரிட்ட நம் முன்னோரின் உள்ளம் போற்றத்தக்கது.

ஒருவர் இடறினால்

பலர் சுமக்கும் வேலையில் பேராபத்து எங்கே உள்ளது என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. 240 கிலோகிராம் எடையுள்ள விறைத்த மரத்தைச் சம இடைவெளியில் நின்று நால்வர் சமமாகச் சுமக்கின்றனர். ஆளுக்கு 60 கிலோகிராம். பின்கோடியில் நிற்பவர் திடீரென்று இடறித் தோளை விடுவித்தால், எஞ்சிய மூவரும் 80, 80, 80 என்று பங்கிட்டுக்கொள்வர் என நாம் எண்ணலாம். அவ்வாறு நிகழ்வதில்லை. மரம் பின்னால் சாய்கிறது. தோள்கள் ஒரே அளவில் அமுங்குவன என்று கொண்டு கணக்கிட்டால், முன்கோடியில் நிற்பவருக்கு 20 கிலோகிராமும், அடுத்தவருக்கு 80 கிலோகிராமும், இடறியவருக்கு மிக அருகில் நிற்பவருக்கு 140 கிலோகிராமும் விழுகின்றன. ஒரு நொடியில் அவருடைய பளு இரு மடங்கிற்கு மேலாகிறது.

மூவர் சுமக்கும்போது நிலை இன்னும் கொடியது. கோடியில் நிற்கும் ஒருவர் விட்டுவிட்டால், ஈர்ப்பு மையம் நடுவில் நிற்பவரின் தோளுக்கு நேராக இருப்பதால், 240 கிலோகிராமும் அவர் ஒருவர்மீதே நிற்கும். மறுகோடியில் நிற்பவர் ஒன்றும் சுமக்கார். எனவே களைத்தவர் முன்னறிவிப்பின்றித் தோளை எடுத்தல் ஆகாது. தூக்குவதும் இறக்குவதும் ஒருவர் கட்டளைப்படி ஒரே கணத்தில் நடைபெறல் வேண்டும்.

ஒருவர் எவ்வளவு சுமக்கலாம்?

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, உடலுக்குத் தீங்கு நேரக்கூடிய அளவு பளுவை எவரையும் தூக்கச் செய்தலாகாது என விதித்தது. 1967ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனம் ஜெனீவாவில் இப்பொருள்பற்றி ஓர் உடன்படிக்கையும் ஒரு பரிந்துரையும் நிறைவேற்றிற்று. வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் பளு 55 கிலோகிராமுக்கு மேற்பட்டிருப்பின், அதனை விரைவில் அவ்வளவிற்குக் குறைக்கவேண்டும் என்பது அப்பரிந்துரை.

முன்னர்க் கூறிய தண்டவாளத்தின் எடையான 676 கிலோகிராமை 55ஆல் வகுத்தால், 13 பேர் போதும் என்று விடை வரும். எல்லார் பங்கும் சமமாக இருந்தால்தான் அவ்விடை பொருந்தும். உயரத்தாலும் தரையாலும் நடையாலும் சிலர் பங்கு ஒன்றரை மடங்காவது எளிது என்று கண்டோம். ஆகவே, வகுத்து வந்த எண்ணிக்கையோடு நில்லாமல் மேலும் பலரைச் சேர்க்கவேண்டும். இருவர் இருவராகப் பிடிக்கும் இடுக்கிகளைப் பயன்படுத்தவேண்டும். இயன்ற இடங்களிலெல்லாம் தள்ளுவண்டியையோ பாரந்தூக்கியையோ கொண்டு தோளை விடுவிக்கவேண்டும். சராசரியைக் கணக்கிட்டு மனநிறைவு கொள்பவர் மேற்பார்வையாளர். சராசரிக்கு மேற்பட்ட பளுவைத் தாங்கி எலும்பு நோவ நிற்பவரோ வேறொருவர்.

மரக்கடைக்கு மீண்டும் வருவோம். அன்று குள்ளமானவர் ஏய்க்கவில்லை; உயரமானவர் மிகைப்படுத்தவும் இல்லை. ஒருவர் சுமக்க இயலாத பளுவை மற்றவர் சுமந்தார். ஆறு பேரையும் உயர வரிசையில் நிறுத்தியிருந்தாலோ, குள்ளமானவர் தோளில் நான்காய் மடித்த கோணிச் சாக்கு ஒன்றை இட்டிருந்தாலோ, ஒருவர் கூலியும் மற்றவர் தோளும் காப்பாற்றப்பட்டிருக்கும். அக்கோணிச் சாக்கு அக்கடையிலேயே கிடந்தது.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள மரச்சட்டத்தை மூன்று வில்தராசுகளில், இரு முனைகளிலும் நடுவிலுமாகத் தொங்கவிடுங்கள். மூன்றும் ஒரே வகைத் தராசாக இருத்தல் வேண்டும். மூன்றும் ஒரே எடையைக் காட்டும்வரை கயிறுகளைச் சரிசெய்து, அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நடுத்தராசின் கயிற்றை மட்டும் அரை சென்டிமீட்டர் சுருக்குங்கள். நடுத்தராசு எவ்வளவு கூடுகிறது, முனைத்தராசுகள் எவ்வளவு குறைகின்றன என்று பாருங்கள். மூன்று எண்களையும் கூட்டினால் முன்னைய மொத்தமே வருவதையும் காண்பீர்கள். அடுத்து, முனைத்தராசு ஒன்றினை மெல்ல இறக்கி விடுவித்து, நடுத்தராசு காட்டும் எண்ணைக் கவனியுங்கள்.

வினாக்கள்

1. 4 மீட்டர் நீளத் தண்டில், முன்னவரிடமிருந்து 1 மீட்டரில் 60 கிலோகிராம் குடம் தொங்குகிறது. தண்டின் எடையை நீக்கினால் இருவர் பங்கும் யாவை?

2. 6 மீட்டர் நீளத் தண்டின் ஒரு முனையை இருவரும் மறு முனையை நால்வரும் சமன்தண்டுகளால் சுமக்கின்றனர். அறுவர்க்கும் சமபங்கு கிடைக்கப் பளுவை எங்கே கட்டவேண்டும்?

3. விறைத்த மரத்தைச் சுமந்து செல்வோர் பள்ளம் ஒன்றைக் கடக்கின்றனர். பளு குறைவது யார்க்கு?

விடைகள்: 1. முன்னவர் 45, பின்னவர் 15 கிலோகிராம். 2. நால்வர் பக்கத்து முனையிலிருந்து 2 மீட்டரில். 3. நடுவில் நிற்போர்க்கு.